வேகத்தோடு வேகத்தைக் கூட்டினால்: 18 பெட்டி ரயிலில் ஒரு சார்பியல் கணக்கு

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரயில் ஒன்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆடுதுறையைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 25 மீட்டர். உள்ளே முறுக்குக் கூடையோடு ஒருவர் எஞ்சின் பக்கமாக விநாடிக்கு 1 மீட்டர் வீதம் நடந்து வருகிறார். வெளியே வயல் வரப்பில் நிற்பவரைக் கேட்டால் முறுக்குக்காரரின் வேகம் என்ன? 25-ம் 1-ம் 26. பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

சரியான விடை 26-க்குக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் வேடிக்கை. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த 1010-ஆம் ஆண்டில் அந்த ரயில் கிளம்பி, முறுக்குக்காரரும் அப்போதே நடக்கத் தொடங்கி, இருவரும் ஒரு நொடிகூட நிற்காமல் இன்றுவரை போய்க்கொண்டிருந்தாலும், சாதாரணக் கூட்டல் காட்டும் இடத்துக்கும் அவர் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட விழாது. (அவ்வளவு நீளமான ரயில் எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடாது.) அதனால்தான் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை. படகு, பஸ், ரயில், ராக்கெட் வரைக்கும் கூட்டல் போதும்.

துகள்களின் உலகத்தில் அது போதாது. அங்கே எலெக்ட்ரானும் புரோட்டானும் ஒளியின் வேகத்தை உரசிக்கொண்டு ஓடுகின்றன. ரயில் ஒளியின் வேகத்தில் பாதி, அதனுள் துகள் ரயிலைப் பொறுத்து ஒளியின் வேகத்தில் பாதி என்றால், வரப்பில் நிற்பவருக்கு அந்தத் துகளின் வேகம் ஒளியின் வேகம் முழுதாக இருக்க வேண்டும் என்று கூட்டல் சொல்கிறது. இயற்கை 0.8 பங்குதான் என்கிறது. ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். இந்தக் கட்டுரை அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கே போயிற்று என்று தேடுவதற்குத்தான்.

முதலில் ஒரு பழைய விளக்கத்தை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடலாம். "ஒளியை எதுவும் மிஞ்சக்கூடாது என்பது விதி, அதனால் வேகம் அதிகமாகும்போது இயற்கை பிரேக் போடுகிறது" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும்; விளங்காது. துகளை யாரும் பிடித்து இழுப்பதில்லை. அதே துகள், அதே ஓட்டம். அதை ரயிலில் இருப்பவர் அளக்கிறார், வரப்பில் நிற்பவரும் அளக்கிறார். விவகாரம் முழுக்க இந்த இருவரின் அளவுகோலிலும் கடிகாரத்திலும் இருக்கிறது. ரயில்காரரின் நோட்டிலிருந்து ஓர் எண்ணையும் வரப்புக்காரரின் நோட்டிலிருந்து ஓர் எண்ணையும் எடுத்துக் கூட்டினோம். அந்தக் கூட்டலுக்கு நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? இருவரின் மீட்டரும் விநாடியும் ஒன்றுதான் என்ற எண்ணம்தான் கொடுத்தது. அதை நாம் சோதித்துப் பார்க்கவே இல்லை.

சோதிக்க நமக்கு ஒரே ஓர் உண்மை போதும். ஒளியின் வேகத்தை யார் அளந்தாலும், அவர் எப்படி ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரே விடைதான் வரும்: வெற்றிடத்தில் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். (1983 முதல் மீட்டரையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள்.) பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடுகிறது, அந்த ஓட்டத்தின் சாயல் ஒளியின் வேகத்தில் தெரியும் என்று எதிர்பார்த்து 1887-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல்சனும் மார்லியும் மிக நுணுக்கமாகத் தேடினார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 1905-இல் ஐன்ஸ்டீன், ஒளியின் வேகம் எல்லாருக்கும் ஒன்று என்பதையே அஸ்திவாரமாகப் போட்டுச் சிறப்புச் சார்பியல் கொள்கையைக் கட்டினார்.

இனி, ஐந்தாம் வகுப்புக் கணக்கு மட்டும் தெரிந்தாலே போதும்.

பெட்டிகளை எண்ணுவோம்

இங்கே நான் பின்பற்றப் போகும் வழி அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் மெர்மின் 1983-இல் காட்டியது. எண்கள் மட்டும் என்னுடையவை. கடிகாரமும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். பெட்டிகளை எண்ணத் தெரிந்தால் போதும் என்பதுதான் அதன் அழகு.

ரயிலில் 18 பெட்டிகள். கடைசிப் பெட்டியின் பின்சுவரிலிருந்து ஒரு துகளும் ஓர் ஒளித் துடிப்பும் ஒரே நேரத்தில் முன்னோக்கிக் கிளம்புகின்றன. முன்சுவரில் ஒரு கண்ணாடி. ஒளி விரைவாகப் போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். வழியில் எங்கோ, இன்னும் முன்னோக்கி வந்துகொண்டிருக்கும் துகளைச் சந்திக்கும். எந்த இடத்தில்?

ரயிலில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு எளிது. அவரைப் பொறுத்தவரை ரயில் சும்மா நிற்கிறது. துகளின் வேகம் ஒளியில் பாதி. ஆக, துகள் 12 பெட்டி கடக்கும் நேரத்தில் ஒளி 24 பெட்டி கடந்திருக்கும்: முன்னோக்கி 18, திரும்பி 6. பின்னாலிருந்து 12-ஆவது பெட்டி முடியும் இடமும், முன்னாலிருந்து 6-ஆவது பெட்டி முடியும் இடமும் ஒன்றே. சந்திப்பு அங்கே. இரண்டு பெட்டிகளை இணைக்கும் அந்த இடத்தில், நடைபாதைத் தகட்டின்மேல் ஒரு கறுப்புப் பொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொட்டு முக்கியம். ரயிலில் இருப்பவரும் வரப்பில் நிற்பவரும் எதில் வேண்டுமானாலும் சண்டை போடலாம். பொட்டு எந்தப் பெட்டியில் விழுந்தது என்பதில் போட முடியாது. மயிலாடுதுறையில் ரயில் நின்றபின் இருவரும் ஏறிப் பார்க்கலாம். முன்னாலிருந்து ஆறாவதும் ஏழாவதும் சேருமிடம். அவ்வளவுதான்.

இப்போது வரப்புக்காரரிடம் வருவோம். அவர் பார்வையில் ரயிலே ஒளியின் பாதி வேகத்தில் ஓடுகிறது. சாதாரணக் கூட்டல் சரியென்றால் துகளின் வேகம் அரையும் அரையும் சேர்ந்து ஒன்று, அதாவது ஒளியின் வேகமேதான். அப்படியானால் துகளும் ஒளியும் பின்சுவரிலிருந்து கிளம்பித் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டே போய், முன்சுவரில் ஒன்றாக மோதியிருக்க வேண்டும். பொட்டு எஞ்சினை ஒட்டிய சுவரில் விழுந்திருக்கும். விழவில்லை. ஆறு பெட்டி பின்னால் விழுந்திருக்கிறது. கூட்டல் பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, அப்படியென்றால் துகளின் வேகம் என்ன? வரப்புக்காரர் தம் கணக்கைத் தாமே போடட்டும். ஒளி ஒரு பெட்டி நீளத்தைக் கடக்கும் நேரத்துக்கு ஓர் 'இமை' என்று பெயர் வைப்போம். ஒளி முன்னோக்கிப் போகும்போது ரயிலும் முன்னோக்கி ஓடுகிறது. ஒவ்வோர் இமைக்கும் ஒளி ஒரு பெட்டி நீளம் போகிறது, ரயில் அரைப் பெட்டி நீளம் போகிறது. ஒளி ரயிலுக்குள் முன்னேறுவது அரைப் பெட்டிதான். 18 பெட்டியைத் தாண்ட 36 இமை. கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது நிலைமை தலைகீழ்: ஒளி பின்னோக்கி வருகிறது, பெட்டிகள் எதிரே வருகின்றன. ஓர் இமைக்கு ஒன்றரைப் பெட்டி கடந்துவிடுகிறது. பொட்டு விழுந்த இடம்வரை 6 பெட்டி, 4 இமை. மொத்தம் 40 இமை.

இந்த 40 இமையில், தரையின்மேல், ஒளி 36 முன்னே போய் 4 பின்னே வந்திருக்கிறது. கிளம்பிய இடத்திலிருந்து 32 பெட்டி தூரத்தில் இருக்கிறது. துகளும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் அங்கேதான் இருவரும் சந்தித்தார்கள். 40 இமையில் 32 பெட்டி. வகுத்தால் 0.8.

இதில் ரயில் சுருங்கியதா, கடிகாரம் தாமதமானதா என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். வரப்புக்காரருக்குப் பெட்டிகள் குட்டையாகத் தெரியத்தான் செய்யும். ஆனால் எல்லாப் பெட்டியும் ஒரே அளவுக்குக் குட்டை. எண்ணிக்கை 18 என்பது 18-தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரப்புக்காரர் மேலே கூட்டவும் செய்தார், கழிக்கவும் செய்தார். ஒளியின் ஒன்றிலிருந்து ரயிலின் அரையைக் கழித்தார்; திரும்பும்போது ஒன்றும் அரையும் ஒன்றரை என்று கூட்டினார். அது தப்பில்லையா? இல்லை. இரண்டு எண்ணையும் அவரே, தம் சொந்த நோட்டில், தம் சொந்தக் கடிகாரத்தால் அளந்து எழுதியிருக்கிறார். ஒரே நோட்டுக்குள் கூட்டலும் கழித்தலும் எப்போதும் சரி. ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குத் தாவும்போதுதான் வம்பு. மாணவர்கள் இந்தப் பாடத்தில் தடுமாறும் இடங்களில் முக்கால்வாசி இதுதான் என்பேன்.

காணாமல் போன பங்கு

வரப்புக்காரரின் நோட்டில் துகள் 0.8, ரயில் 0.5. ஆகவே அவர் பார்வையில் துகள் ரயிலுக்குள் முன்னேறுவது வெறும் 0.3. ரயிலில் இருப்பவரோ 0.5 என்கிறார். இருவருமே தப்புச் செய்யவில்லை. 0.3 எப்படி 0.5 ஆனது?

வரப்புக்காரர் இதற்கு மூன்று காரணங்கள் சொல்வார். முதலாவது, "உங்கள் பெட்டிகளும் அளவுகோல்களும் குட்டை." ஒளியின் பாதி வேகத்தில் நீளம் 0.866 பங்காகக் குறைகிறது. இரண்டாவது, "உங்கள் கடிகாரங்கள் தாமதம்." அதுவும் அதே 0.866. குட்டையான அளவுகோல் தூரத்தைக் கூட்டிக் காட்டும். தாமதமான கடிகாரம் நேரத்தைக் குறைத்துக் காட்டும். இரண்டும் சேர்ந்து வேகத்தை ஏற்றிவிடும். 0.866-ஐ இரண்டு முறை பெருக்கினால் 0.75. 0.3-ஐ அதனால் வகுத்தால் 0.4. பாதி வழி வந்துவிட்டோம். இன்னும் 0.5 வரவில்லை.

மீதிக்குக் காரணமானது மூன்றாவது. எல்லாரும் மறந்துவிடுவதும் அதைத்தான். துகளின் வேகத்தை அளக்க ரயில்காரருக்கு ஒரு கடிகாரம் போதாது. கிளம்பிய நேரத்தைக் குறிக்கப் பின்சுவரில் ஒன்று, சந்தித்த நேரத்தைக் குறிக்கப் பொட்டு விழுந்த இடத்தில் ஒன்று. இரண்டையும் அவர் ஒழுங்காக ஒரே நேரம் காட்டும்படி வைத்திருக்கிறார். ஆனால் 'ஒரே நேரம்' என்பதே ஆளுக்கு ஆள் மாறும் சங்கதி என்று 1905-இல் தெரிந்துவிட்டது. வரப்பிலிருந்து பார்த்தால், ஓடும் ரயிலில் முன்னால் இருக்கும் கடிகாரம் பின்னால் இருப்பதைவிடப் பின்தங்கியே ஓடுகிறது. எவ்வளவு? இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே 12 பெட்டி. ரயிலின் வேகம் பாதி. 12-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 6: ரயில்காரரின் அலகில் 6 இமை (அவர் அளக்கும் பெட்டி நீளத்தை ஒளி கடக்கும் நேரம்தான் அவருக்கு ஓர் இமை).

இப்போது எண்கள் பொருந்திவிடும். வரப்புக்காரர் சொல்கிறார்: "என் 40 இமையை அந்த 0.75-ஆல் பெருக்கினால் 30. இந்த ஓட்டத்தின்போது உங்கள் ஒவ்வொரு கடிகாரமும் உங்கள் அலகில் 30 இமை நகர்ந்தது. ஆனால் முன்கடிகாரம் தொடக்கத்திலேயே 6 இமை பின்தங்கியிருந்தது. அதனால்தான் அது 24 என்று காட்டியது." 12 பெட்டியை 30-ஆல் வகுத்தால் 0.4. 24-ஆல் வகுத்தால் 0.5. ரயில்காரர் கண்ட அதே விடை.

ஐந்தில் ஒரு பங்கு எங்கேயும் போகவில்லை. ஒருவரின் மீட்டரையும் விநாடியையும் இன்னொருவரின் மீட்டராகவும் விநாடியாகவும் நினைத்துக்கொண்டதால் நாமாகவே அதிகம் எழுதிவிட்ட தொகை அது.

சூத்திரம்

எல்லா வேகங்களையும் ஒளியின் வேகத்தின் பங்காக எழுதுவோம். ரயிலின் வேகம் அ, ரயிலைப் பொறுத்துத் துகளின் வேகம் ஆ என்றால், வரப்பிலிருந்து அளக்கும் துகளின் வேகம்:

(அ + ஆ) ÷ (1 + அ × ஆ)

மேலே பழைய கூட்டல் அப்படியே இருக்கிறது. கீழே இருக்கும் 'அ × ஆ' தான் புதுசு. அதுதான் முன்பின் கடிகாரங்களின் வித்தியாசம். ரயிலும் முறுக்குக்காரரும் போன்ற வேகங்களில் அ-வும் ஆ-வும் மிகமிகச் சிறியவை. பெருக்கினால் ஒன்றுமே இல்லாத அளவுக்குப் போய்விடும். கீழே வெறும் 1 மிஞ்சும். பழைய கூட்டல் திரும்பிவிடும். 0.5-ம் 0.5-ம் போட்டால் 1-ஐ 1.25-ஆல் வகுக்க வேண்டும்: 0.8. 0.9-ம் 0.9-ம் போட்டால் 1.8-ஐ 1.81-ஆல்: ஏறக்குறைய 0.9945. ஆ என்ற இடத்தில் ஒளியையே, அதாவது 1-ஐப் போட்டால், மேலேயும் கீழேயும் ஒரே எண் வந்து விடை 1 ஆகிவிடும். ஒளி எல்லாருக்கும் ஒளிதான்.

பொட்டு விழும் இடத்தைக் கொண்டே இதை இன்னும் அழகாகப் பார்க்கலாம். 0.5 வேகத் துகள், ரயிலின் நீளத்தில் முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பொட்டு வைக்கிறது (18-இல் 6). நிலையத்தில் நிற்கும் இன்னொரு 18 பெட்டி ரயிலில் 0.8 வேகத் துகளை ஓடவிட்டால், துகள் 16 பெட்டி கடக்கும்போது ஒளி 20 பெட்டி கடந்திருக்கும். பொட்டு முன்னாலிருந்து 2 பெட்டி தள்ளி விழும். 18-இல் 2, ஒன்பதில் ஒரு பங்கு. மூன்றில் ஒன்றை மூன்றில் ஒன்றால் பெருக்கினால் ஒன்பதில் ஒன்று. வேகங்கள் கூடுவதில்லை, இந்தப் பங்குகள் பெருகுகின்றன. இன்னொரு 0.5 சேர்த்தால் இருபத்தேழில் ஒன்று, வேகம் 0.93-க்குச் சற்றுக் குறைவு. இன்னொன்று சேர்த்தால் எண்பத்தொன்றில் ஒன்று, 0.976. எத்தனை முறை மூன்றில் ஒன்றாக்கினாலும் பங்கு பூஜ்யமாகாது; ஆகவே துகள் ஒளியோடு ஒட்டிக்கொண்டு முன்சுவரை எட்டவே எட்டாது. ஒளிவேகம் ஏன் எல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான விடை இதுதான்.

கழித்தால் கூடும்

'இயற்கை பிரேக் போடுகிறது' என்ற விளக்கம் படுத்துவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரே திசையில் இரண்டு துகள்கள் ஓடுகின்றன. முன்னது 0.9, பின்னது 0.8, இரண்டையும் தரையில் நிற்பவர் அளந்திருக்கிறார். பின்துகளின்மேல் உட்கார்ந்து பார்த்தால் முன்துகள் எவ்வளவு வேகத்தில் விலகிப் போகிறது? 0.1 என்று கை தன்னால் எழுதும். சூத்திரத்தில் ஒரு வேகத்துக்குக் குறை அடையாளம் போடுங்கள்: மேலே 0.9 − 0.8 = 0.1, கீழே 1 − 0.72 = 0.28. விடை ஏறக்குறைய 0.36. கழித்தலில் வந்ததைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்! பிரேக் என்றால் குறைய வேண்டும், இங்கே கூடுகிறது.

இனி, அடிக்கடி எழும் சந்தேகம். "சார், எதிரெதிரே 0.9, 0.9 என்று வரும் இரண்டு துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 1.8 வேகத்தில் குறைகிறதே, அது ஒளியை மிஞ்சியதாகாதா?" இடைவெளி 1.8 வேகத்தில்தான் குறைகிறது. தரையில் நிற்பவர் இரண்டையும் தாமே அளந்தார், ஒரே நோட்டு, கூட்டலாம். ஆனால் அது நெருங்கும் வேகம். எந்தப் பொருளின் வேகமும் அல்ல. எந்தத் துகளும் எந்தச் செய்தியும் 1.8-இல் போகவில்லை. ஒரு துகளின்மேல் உட்கார்ந்து மற்றதை அளந்தால் வருவதுதான் சார்புத் திசைவேகம், அது 0.9945.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், துகள்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள லார்ஜ் ஹாட்ரான் கொலைடரில் இது தினசரி நடப்பு. 2022 முதல் அங்கே ஒவ்வொரு புரோட்டானும் 6.8 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓடுகிறது. அந்த ஆற்றலில் புரோட்டானுக்கும் ஒளிக்கும் இருக்கும் வேக வித்தியாசம் விநாடிக்கு 3 மீட்டருக்கும் குறைவு. மனிதன் ஓடி எட்டிவிடலாம். எதிரெதிரே வரும் இரண்டு புரோட்டான் கற்றைகள் ஆய்வகத்தின் கணக்கில் ஏறக்குறைய ஒளியின் இரு மடங்கு வேகத்தில் நெருங்குகின்றன. ஒரு புரோட்டானின் பார்வையில் எதிரே வருவது ஒளியைவிட விநாடிக்கு ஏறக்குறைய 14 நானோமீட்டர் மட்டுமே மெதுவாக வருகிறது. வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போகிறது, மறைவதில்லை.

ஓடும் மூலத்திலிருந்து கிளம்பும் ஒளிக்கும் வேகம் கூடுவதில்லை என்பதை 1964-இல் அதே செர்ன் ஆய்வகத்தில் அல்வேகரும் அவருடைய குழுவினரும் நேரடியாகவே அளந்தார்கள். மின்னூட்டமற்ற பையான் என்ற துகள், பிறந்த மாத்திரத்தில் இரண்டு காமாக் கதிர்களாக உடைந்துவிடும். அவர்கள் பயன்படுத்திய பையான்களின் வேகம் ஒளியில் 0.99975 பங்கு. பழைய கூட்டல்படி முன்னோக்கிக் கிளம்பும் காமாக் கதிர் ஒளியின் இரு மடங்கு வேகத்தில் பாய வேண்டும். அளவீட்டின் பிழை எல்லைக்குள், அது ஒளியின் வழக்கமான வேகத்திலேயே வந்தது.

குறுக்கே வீசினால்

இதுவரை எல்லாம் ஒரே கோட்டில். ஜன்னல் வழியாகக் குறுக்கே, ரயிலுக்குச் செங்குத்தாகத் துகளை விட்டால்? ரயில் 0.9, துகள் ரயிலைப் பொறுத்துக் குறுக்கே 0.9. முன்னோக்கிய வேகம் 0.9 அப்படியே நிற்கும். குறுக்கு வேகம் மட்டும் ரயில் கடிகாரத்தின் தாமதத்தால் 0.39 ஆகக் குறையும். பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் மொத்தம் 0.98. துகளுக்குப் பதில் ஒளியைக் குறுக்கே விட்டால் அதன் வேகம் மாறாது, திசை மட்டும் முன்பக்கமாகச் சாயும். இந்தச் சாய்வை 1720-களிலேயே ஆங்கில வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி விண்மீன்களிடம் பார்த்திருந்தார். பூமியின் ஓட்டத்தால் விண்மீன்கள் தம் இடத்திலிருந்து ஏறக்குறைய 20 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) விலகித் தெரிந்தன.

தம்மை மிகவும் பாதித்த சோதனைகள் என்று ஐன்ஸ்டீன் பிற்காலத்தில் குறிப்பிட்டவை இரண்டு. பிராட்லியின் விண்மீன் விலகல் ஒன்று. மற்றது தண்ணீரில் நடந்தது. ஆற்றங்கரைக்காரனான எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

தண்ணீருக்குள் ஒளி மெதுவாகத்தான் போகும்: வெற்றிடத்து வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. அந்தத் தண்ணீரே ஓடினால், ஒளியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகுமா? 1851-இல் பிரான்சில் இப்போலித் ஃபிசோ இரண்டு இணைக் குழாய்களில் தண்ணீரை எதிரெதிர்த் திசையில் பாய்ச்சினார். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நீரோட்டத்தோடும் மற்றதை நீரோட்டத்துக்கு எதிராகவும் அனுப்பி, இரண்டையும் மீண்டும் சேர்த்தார். சேருமிடத்தில் தெரியும் ஒளி–இருள் பட்டைகள் எவ்வளவு நகர்கின்றன என்பதிலிருந்து, எது எவ்வளவு முந்தியது என்று கணக்கிட்டுவிடலாம். தண்ணீரின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். நம் ஆறுகளில் அந்த வேகம் எங்கே? மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தொடவே சாதாரணமாக மூன்று, நான்கு நாள் ஆகிறது.

தண்ணீரின் 7 மீட்டர் முழுதாக ஒளியோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது கூட்டல். சேர்ந்தது பாதிக்கும் குறைவு. விளக்கம் முன்பே இருந்தது: 1818-இலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல், ஒளியைச் சுமக்கும் ஈதர் என்ற ஊடகத்தைத் தண்ணீர் கொஞ்சம் மட்டும் இழுத்துச் செல்லும் என்று சொல்லி, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதற்குச் சூத்திரமும் எழுதியிருந்தார். ஃபிசோ கண்டது அதற்குப் பொருந்தியது. சூத்திரம் சரி, ஆனால் ஏன் கொஞ்சம் மட்டும் இழுக்கிறது என்பது அரை நூற்றாண்டுக்கும் மேல் உறுத்திக்கொண்டே இருந்தது.

1907-இல் ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் ஃபான் லாவே, ஐன்ஸ்டீனின் கூட்டல் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டுப் பார்த்தார். நாமும் போடலாம். நீரைப் பொறுத்து ஒளியின் வேகம் 0.75. நீரின் வேகத்தை அ என்று வைத்தால், கரையில் நிற்பவருக்கு ஒளியின் வேகம் (0.75 + அ) ÷ (1 + 0.75 × அ). அ மிகச் சிறியது என்பதால் இதை விரித்தால், 0.75-ஓடு அ-வின் 0.4375 பங்கு மட்டும் சேர்கிறது. ஃபிரெனலின் சூத்திரம் தரும் பங்கும் அதுவே. 7 மீட்டரில் 0.4375 பங்கு, 3 மீட்டரும் சொச்சமும். ஈதரும் வேண்டாம், எதையும் யாரும் இழுக்கவும் வேண்டாம். நீரோடு போகிறவரின் நோட்டிலிருந்து கரையில் நிற்பவரின் நோட்டுக்கு ஒழுங்காக மாற்றி எழுதினாலே ஃபிசோவின் பட்டைகள் நகர்ந்த அளவு கிடைத்துவிடுகிறது.